மடிப்பில் நாலு உப்புக்கல்

"ரட்சிக்கப்பட்டுட்டீங்களா?" என்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்கலாம். பல் பிடுங்கப் போன இடத்தில் என்னை ஒருவர் கேட்டிருக்கிறார். வாயில் பஞ்சு இருந்ததால் தலையை ஒரு மாதிரி ஆட்டி வைத்தேன். ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், வலிக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த கேள்விதான் கடினம்: "எந்தத் தேதியில?" ரட்சிக்கப்பட்டவர்களுக்குத் தேதி உண்டு. கல்யாண நாளை மறந்தவர்கள்கூட அந்தத் தேதியைக் கிழமையோடு சொல்வார்கள். எனக்குத் தேதி கிடையாது. மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது என் சம்மதம் கேட்காமல் தலையில் தண்ணீர் தெளித்தார்கள், அழுதேனாம். அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் என் பக்கத்திலிருந்து எந்த நடவடிக்கையும் இல்லை.

கடவுள் இல்லை என்று சொல்கிற ஆள் அல்ல நான். தொழில் அப்படி. துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாகக் கிளியரிங் ஏஜெண்ட். சரக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் கஸ்டம்ஸுக்கு வேண்டிய காகிதங்களைத் தயார் செய்வது என் சோலி. 'இலவசம்' என்று எழுதியிருக்கும் பெட்டியைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். சாம்பிள், அன்பளிப்பு, விலை எதுவும் இல்லை என்று வெளிநாட்டுக்காரன் இன்வாய்ஸில் எழுதி அனுப்புவான். அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "சும்மா யாருவே குடுப்பா?" என்பார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பேன். ஆறு நாள் இப்படி நினைத்துவிட்டு ஏழாம் நாள் கோயிலில் போய் உட்கார்ந்தால், பிரசங்க பீடத்தில் நிற்கிறவர், ரட்சிப்பு தேவனுடைய இலவசமான ஈவு, வாங்கிக்கொண்டால் போதும் என்பார். என் புருவம் தானாக மேலே போகும்.

புத்தகங்களும் உதவவில்லை. நான் கொஞ்சம் படிக்கிற ஆள். கிருபையைப் பற்றிப் பெரிய இறையியலாளர்கள் எழுதிய தடித்தடியான புத்தகங்கள் வீட்டில் உண்டு. இத்தனை பக்கம் விளக்கம் தேவைப்படுகிற ஒன்று இலவசமாக இருக்க வாய்ப்பில்லை என்பதே அவற்றிலிருந்து நான் கண்டுபிடித்தது.

இந்த லட்சணத்தில் இருந்தவன் முன்னால்தான் போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் என் பழைய டாக்குமெண்ட் கிளார்க் ஆபீஸில் வந்து நின்றான். என்னிடம் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போனவன். வெள்ளைச் சட்டை. கையில் ஜிப் வைத்த வேதாகமம்.

"அண்ணாச்சி, நான் ரட்சிக்கப்பட்டுட்டேன்."

"சந்தோசம். தேதி?"

சொன்னான். கிழமையோடு சொன்னான். அடுத்த சனிக்கிழமை கடலில் ஞானஸ்நானம் என்றான்.

"அதுக்கு முன்னால, யாருக்கு என்ன செஞ்சமோ அவுககிட்டப் போயி ஒப்புரவாகிட்டு வரணும்னு பாஸ்டர் சொல்லிருக்காவ. அதுக்குத்தான் வந்தேன்."

"எனக்கு என்னவே செஞ்ச? லீவு சொல்லாம ஏரலுக்குப் போனதா?"

"அந்த மொட்டப் பெட்டிசன் நான் எழுதுனது அண்ணாச்சி."



அந்தப் பெட்டிசனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், நான் போலிக் காகிதம் தயாரிக்கிறவன் என்று கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று கஸ்டம்ஸுக்குப் போனது. விசாரணை முடியும்வரை என் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். பதினொரு மாதம். கடைசியில் ஒன்றும் இல்லை என்று ஆகி, லைசென்ஸ் திரும்ப வந்தது. விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். எழுத்தை எங்கேயாவது பார்த்த மாதிரி இருக்கிறதா என்று கடிதத்தை என்னிடமே நீட்டினார். எல்லாம் அச்சு மாதிரி எழுதியிருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் மடித்த காகிதத்தைப் பிரித்தபோது மேசையில் நாலு உப்புக்கல் விழுந்தது.

என் மனைவியின் அண்ணன் உப்பளம் நடத்துகிறவர். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் உப்பளத்தைப் பற்றி நான் ஒரு ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. காரணம் இருக்கிறது, தடயமும் இருக்கிறது. துப்பறியும் கதைகள் நிறையப் படித்திருந்ததால் எனக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. தூத்துக்குடியில் உப்பை வைத்து ஒரு ஆளைப் பிடிப்பது, குற்றாலத்தில் ஈரத் துண்டை வைத்துத் திருடனைப் பிடிப்பது மாதிரி என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நான் மச்சானிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் இல்லை என்பார். இல்லை என்றால் என் சந்தேகம் இன்னும் கூடும். அதனால் கேட்காமலே உறுதி செய்துகொண்டு பேச்சை நிறுத்தினேன். ஒருமுறை வீடு தேடி வந்தார். நான் உள்ளறையில் இருந்துகொண்டு, வெளியே போயிருக்கிறேன் என்று மனைவியைச் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். அதன் பிறகு அவர் வரவில்லை. இவளும் அண்ணன் வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு மட்டும் போய், சாப்பிடாமல் திரும்பி வருவாள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. சகோதரனோடு பகை வைத்துக்கொண்டு அப்பத்தையும் திராட்சரசத்தையும் தொடக் கூடாது என்பது முறை. பெரும்பாலோர் பகையையும் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு நேர்மை வந்து, எழுந்து போகாமல் இருமுகிற மாதிரி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருப்பேன். ஒன்பது வருட இருமல். யார் போகவில்லை என்று கணக்கெடுப்பதற்காகவே சிலர் கோயிலுக்கு வருகிறார்கள், அவர்களுக்கெல்லாம் தெரியும். மச்சான் மாதம் தவறாமல் போவார். எழுதுவதையும் எழுதிவிட்டு என்ன துணிச்சலாகப் போகிறார் பார் என்று இருமுவேன்.

இப்போது இவன் வந்து, நான் எழுதினேன் என்கிறான்.

ஒரு சாதாரண மனிதனுக்கு இந்த இடத்தில் கோபமோ அழுகையோ வந்திருக்கும். எனக்குச் சந்தேகம் வந்தது. என்ன எதிர்பார்த்து வந்திருக்கிறான்? வேலையா? பையனுக்கு சிபாரிசா? பிறகு எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு சந்தேகம்: இவனை மச்சான்தான் ஏற்பாடு செய்து அனுப்பியிருக்கிறார்.

"எங்க வச்சு எழுதுன?"

"இங்கனதான். இந்த மேசையில. நீங்க மத்தியானம் சாப்பிடப் போயிருந்தீங்க."

"எந்தப் பேனா?"

"நீங்க தந்த பேனாதான் அண்ணாச்சி. தீவாளிக்குத் தந்தீங்கள்லா."

"மடிப்புல உப்பு எப்படி வந்துச்சு?"

அவன் விழித்தான். "உப்பா? அது எனக்குத் தெரியாது. ஃபேன் காத்துல பேப்பர் பறக்குன்னு சாம்பிள் டப்பாவ மேல வச்சு எழுதுனேன். அதுல ஒட்டியிருக்கும்."

நான் மேசையைப் பார்த்தேன். மாலத்தீவுக்குப் போகிற உப்புச் சாம்பிள் டப்பாக்கள் அன்றைக்கும் மூன்று இருந்தன. மூடியைச் சுற்றிலும் உப்பு. என் முழங்கையில் உப்பு. ஒன்பது வருடமும் அவை என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன.

"ஏம்ல எழுதுன?"

அவன் வேதாகமத்தின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்தான், மூடினான். "நான் இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிருந்தேன். அத நீங்க கப்பல் ஏஜெண்டுக நாலஞ்சு பேர் முன்னால ராகம் போட்டு வாசிச்சுக் காட்டுனீங்க. எல்லாரும் சிரிச்சாவ. டீ வாங்கிட்டு வந்தவகூடச் சிரிச்சா."

ஞாபகம் வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ஜோக்தான், அவன் முகம் அல்ல. நல்ல ஜோக். அதன் பிறகு பல இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"பாப்போம்," என்றேன். இருபத்தாறு வருடமாக அதிகாரிகள் எனக்குச் சொன்ன சொல். முதல் தடவையாக மேசையின் அந்தப் பக்கமிருந்து சொல்லிப் பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது.

மத்தியானம் மனைவியிடம் சொன்னேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா, அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேளுங்கன்னு."

"கேட்டா இல்லைன்னுதான சொல்லுவாரு?"

"எழுதாதவுக இல்லைன்னுதான சொல்லணும்?"

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

"அவுக வாசல்ல நிக்கையில என்னப் பொய் சொல்ல வச்சீங்க," என்றாள். "எங்க அண்ணன் என் மூஞ்சியப் பாக்காமத் திரும்பிப் போச்சு. போங்க. போயிக் கேளுங்க. அவுக ஏத்துக்கிடலன்னா எங்கிட்டயும் வராதீங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீன் குழம்பை நானே ஊற்றிச் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் கோயிலில் மூன்று வரிசைக்கு முன்னால் மச்சானின் பிடரி தெரிந்தது. ஒன்பது வருடமாக அது ஒரு குற்றவாளியின் பிடரி. அன்றைக்கு வெறும் பிடரி. நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று தெரியவில்லை. ஆராதனை முடிந்து அவரிடம் போகலாம் என்று எழுந்து, செருப்பைத் தேடுகிற மாதிரி தேடி, அவர் போன பிறகு கண்டெடுத்தேன்.

திங்கட்கிழமை ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். பையில் எழுதிவைத்த ஒரு தாள். முதலாவது, இரண்டாவது என்று ஐந்து பத்தி. கஸ்டம்ஸுக்கு விளக்கம் எழுதி எழுதிப் பழகின கை வேறு எப்படி எழுதும்? ஐந்தாம் பத்தியில், எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படுகிறேன் என்று எழுதியிருந்தேன்.

உப்பு வாருகிற பருவம். பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. மச்சான் ஓலைக் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏலே, பெறவு பேசுதேன்," என்று வைத்துவிட்டு எழுந்தார்.

"மாப்ள, வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க."

நான் வெயிலிலேயே நின்று தாளை எடுத்தேன். "மச்சான், ஒன்பது வருசத்துக்கு முன்னால எம்மேல ஒரு பெட்டிசன் போச்சு. அத நீங்க எழுதுனீங்கன்னு நான்..."

"தெரியும். தங்கச்சி அப்பவே சொல்லிட்டா."

"அது நீங்க இல்ல."

"அதுவும் தெரியும் மாப்ள. நான் எழுதலங்கது எனக்குத் தெரியாதா?"

இரண்டாம் பத்தியைத் தேடினேன். அவர் தாளை என் கையிலிருந்து வாங்கி, படிக்காமல் மடித்துத் தன் பையில் வைத்தார். "சரி, விடுங்க."

"என்ன சரி?"

"அது முடிஞ்சு போச்சு."

"எப்ப முடிஞ்சுச்சு?"

"அது இருக்கும், ஏழெட்டு வருசம்."

"நான் இப்பதான வாரேன்?"

மச்சான் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, தான் ஒரு உப்பு மூட்டையில் உட்கார்ந்தார். "மாப்ள, மாசத்துக்கு ஒருக்கத் திருவிருந்து வருது. ஒங்க மேல வெறுப்ப வச்சுக்கிட்டு நான் எப்படி அங்க போயி முழங்கால் போட? ஒவ்வொரு மாசமும் முந்தின நாள் ஒங்கள மன்னிச்சுதான் ஆகணும். மொத வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு மன்னிச்சேன். நீங்க உள்ளருந்து தும்முனது வேற எனக்குக் கேட்டுச்சு. அது லேசுல போகல. பெறவு பழகிட்டு. இப்பல்லாம் பல் தேய்க்கையிலேயே மன்னிச்சிருவேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு மனிதனை ஒன்பது வருடம் நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்ததாக நினைத்திருக்கிறேன். அவரோ நூறு தடவை என்னை விடுதலை செய்துவிட்டு, பல் தேய்த்துவிட்டு, உப்பு வாரப் போயிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கையெழுத்து வாங்கவில்லை.

நான் கேட்பதற்கு முன்பே எனக்காக எல்லாம் முடிந்துவிட்டது என்பதைத்தான் பிரசங்க பீடத்திலிருந்து ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை ஒரு கோட்பாடாக எடுத்துக்கொண்டு, புத்தகம் வாங்கி, ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அது இப்படி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காத இடத்தில் வந்ததால் மறுபடியும் சந்தேகம்தான் வந்தது. இவ்வளவு சுலபமாக எவன் விடுவான்?

"மச்சான், ஒங்களுக்கு எங்கிட்ட என்ன வேணும்? மறைக்காமச் சொல்லுங்க."

"ஒண்ணு கேக்கலாமா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதோ வந்துவிட்டது. "கேளுங்க."

"அந்தப் பெட்டியத் தொறங்க. காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல."

திறந்தேன். நாலு மக்ரூன் சாப்பிட்டார். சர்க்கரை உள்ள மனிதர். "வீட்ல சொல்லிராதீங்க," என்றார். அவர் என்னிடம் கேட்டது மொத்தமே இதுதான். அந்த வாரம் முழுக்க, இதற்குப் பின்னால் ஏதாவது வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை ஒரு வாட்ஸப் வந்தது. பதறித் திறந்தேன். காலை வணக்கம், கீழே ஒரு ரோஜாப்பூ. அதையும் இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன்.

மனைவியிடம், "ஒங்க அண்ணன் உள்ளபடிதான் சொல்லுதாரா?" என்று மூன்று நாள் கேட்டேன். மூன்றாம் நாள் அவள், "ஒருத்தர் குடுத்தா வாங்கத் தெரியணும். ஒங்களுக்குப் பிரிச்சுப் பாக்க மட்டுந்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு, அண்ணன் வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வந்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. வந்தவள் முகத்தைப் பார்த்தேன். அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலையில் கடற்கரைக்குப் போனேன். எங்கள் கடல் ஞானஸ்நானத்துக்கு அவ்வளவு தோதானது அல்ல. எவ்வளவு தூரம் போனாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாது. பாஸ்டர் ஆழம் தேடி முன்னால் நடந்துகொண்டே இருந்தார். பின்னால் வெள்ளை உடுப்பில் ஏழெட்டுப் பேர் பாடிக்கொண்டே போனார்கள். இப்படியே போனால் இலங்கையில்தான் முங்குவார்கள் போலிருந்தது. என் பழைய கிளார்க் மட்டும் கரையில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேண்டைச் சுருட்டிக்கொண்டு அவனிடம் போனேன்.

"மன்னிச்சுட்டேன்," என்றேன். மூன்று நாளாகப் பயிற்சி செய்தும் குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். "அண்ணாச்சி, கிண்டல் பண்ணலியே?"

"இல்லவே."

"நாளைக்கு நாலு பேர் முன்னால சொல்லிச் சிரிக்க மாட்டீங்கள்லா?"

சந்தேகப்படுகிற கண்ணை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. ஷேவ் பண்ணும்போது தவிர. "மாட்டேன். அந்த லெட்டர வாசிச்சதுக்கு நீயும் என்ன மன்னிக்கணும்," என்றேன்.

யோசித்தான். கடலைப் பார்த்தான். பாஸ்டர் ஒருவழியாக இடுப்பளவு தண்ணீரைக் கண்டுபிடித்துக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அதுக்குக் கொஞ்ச நாளாகும் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் நடந்தான்.

அவன் ரட்சிப்பின் மேல் எனக்கு முதல் தடவையாக நம்பிக்கை வந்தது அப்போதுதான். பொய் சொல்ல வருகிறவன் உடனே மன்னித்திருப்பான்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்துக்கு வரிசை எழுந்தபோது நானும் எழுந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தது தெரிந்தது. பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டோம். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மச்சான். எனக்கு உருக்கம் எதுவும் வரவில்லை. கண்ணீர் வரவில்லை. குளிர்ந்த தரையும் முட்டி வலியும்தான். மாற்றலாகி வந்த புதுக் குருவானவர், என்னை இதுவரை பார்த்திராதவர், அப்பத்தை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இது எப்படிச் சரியாகும், ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் தலையைக் குனிந்தபடியே மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, வாங்குங்க. பின்னால ஆளு நிக்காவ."

கையை நீட்டினேன். குருவானவர் அப்பத்தை வைத்தார். மெல்லும்போதும் சந்தேகம் இருந்தது. வாய் நிறைந்திருந்ததால் அதைக் கேட்க முடியவில்லை.